ஆயில் முள் விழுந்தால்

கடலூர்–விருத்தாசலம் சாலையில் ஓடும் சரக்கெல்லாம் குறிஞ்சிப்பாடியைத் தொட்டுக்கொண்டு போகும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, அனல் மின் நிலையத்துச் சாம்பல், நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும், கடலூர் துறைமுகத்து மீன், சிப்காட் தொழிற்சாலைகளின் டேங்கர்கள். மேற்கே சில கிலோமீட்டரில் வடலூர் நால்ரோடு. குறிஞ்சிப்பாடி கைத்தறிக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் இந்தச் சாலையோரத்தில் லாரிக்கும் வேலை உண்டு, லாரியைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கும் வேலை உண்டு.

பட்டறை வாசலில் வந்து நிற்கும் டிரைவர் சொல்லும் புகார்கள் பல. பிரேக் பிடிக்கல, கிளட்ச் வழுக்குது, புகை வருது. எதற்கும் மேஸ்திரி பதறுவதில்லை. ஒரே ஒரு புகாருக்குத்தான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

“அண்ணே, ஆயில் முள்ளு ஏறல.”

“வண்டிய ஆஃப் பண்ணிட்டியா?”

“இல்லண்ணே, ஓடிட்டுதான் இருக்கு.”

“மொதல்ல ஆஃப் பண்ணு. அப்புறம் பேசலாம்.”

அன்றைக்கும் இதே பேச்சுதான், இன்றைக்கும் இதே பேச்சுதான். முள் விழுந்ததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது இன்ஜினுக்குள் உண்மையிலேயே ஆயில் அழுத்தம் இல்லை. முதலாவது என்றால் சில நூறு ரூபாயில் தீரும். இரண்டாவது என்றால் கிராங்க் ஷாப்ட் போய்விடும், இன்ஜின் இறங்கும், தவணையில் வாங்கிய ஒற்றை லாரியை நம்பி இருப்பவரின் பல மாத வருமானம் அதோடு போகும். இரண்டில் எது என்று தெரியும்வரை இன்ஜினை ஓடவிடக் கூடாது. மாறியிருப்பதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிதான். செப்புக் குழாய், ஒயர், கம்ப்யூட்டர் என்று மூன்று தலைமுறையாக அது மாறி வந்திருக்கிறது.

முதல் தலைமுறை, இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம். கடலூர் மாவட்டம் 1993 செப்டம்பர் 30-ல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு வெகு முன்பே, சென்னை எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, காமெட் லாரிகள் தெற்கே ஓடத் தொடங்கியிருந்தன. டாடாவும் மெர்சிடிஸ் பென்சும் சேர்ந்து செய்த லாரிகள் 1954-லிருந்து வந்தன. நெய்வேலியின் என்.எல்.சி. 1956-ல் உருவாகி, மறு ஆண்டு சுரங்கம் தோண்டத் தொடங்கியபின் இந்த வட்டாரத்துக்கு லாரிப் போக்குவரத்து நிலையாக வந்து சேர்ந்தது.

அந்த வண்டிகள் பலவற்றில் ஆயில் மீட்டருக்கு மின்சாரமே கிடையாது. இன்ஜின் பிளாக்கில் ஆயில் ஓடும் பிரதான பாதையிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று கிளம்பி, கேபினுக்குள் நுழைந்து, டாஷ்போர்டின் பின்னால் மீட்டரில் போய்ச் சேரும். இன்ஜினுக்குள் இருக்கும் அதே ஆயில், அதே அழுத்தத்தோடு டிரைவரின் முழங்காலுக்கு எதிரே வந்து நிற்கும். மீட்டருக்குள்ளே வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும்; அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். பிரான்சு நாட்டின் யூஜின் போர்டான் 1849-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நீராவி இன்ஜினுக்காக வந்தது, நூற்றாண்டு கழித்துக் கரும்பு லாரியிலும் அப்படியே வேலை செய்தது.

அதில் பழுது பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேஸ்திரி முதலில் டிப் ஸ்டிக்கை உருவுவார். அளவு பார்ப்பது மட்டுமல்ல வேலை. ஒரு சொட்டை இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார். நீர்த்துப்போய் டீசல் வாசனை அடித்தால் இன்ஜெக்டரோ டீசல் பம்போ ஆயிலில் டீசலைக் கலக்கிறது என்று அர்த்தம். மீட்டர் மேல் பழியில்லை. பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டும் இல்லை, அளவும் சரி என்றால்தான் குழாய்க்கு வருவார். மீட்டரின் பின்னால் இருக்கும் யூனியன் நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, குழாய் முனையை ஒரு தகர டப்பாவுக்குள் விட்டு, கழிவுப் பஞ்சால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, “அடிப்பா செல்ஃப” என்பார். சில நொடியில் ஆயில் வர வேண்டும். முதலில் குமிழி விட்டு, பிறகு அறாத ஒழுக்காக. வந்தால் குழாயில் அடைப்பில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் கசடு அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றி டீசல் விட்டு ஊதிச் சுத்தம் செய்தால் முள் பழையபடி ஏறும். ஒன்றுமே வராவிட்டால் பம்ப் ஆயிலைத் தூக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார். அதற்குமேல் ஒரு சுற்றுகூட இன்ஜினைச் சுற்ற விடமாட்டார்.

ஒழுக்கு வருவது மட்டும் போதாது. ஆயில் வருகிறது என்பதை அது காட்டும், எத்தனை கிலோ அழுத்தத்தில் வருகிறது என்பதைக் காட்டாது. அதற்குப் பட்டறையில் ஒரு நம்பகமான மீட்டர் தனியாக இருக்கும். வேறு லாரியிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம், ஆனால் சரியான அளவு காட்டும் என்று பல வண்டியில் பார்த்துத் தெளிந்தது. அதைச் சந்தேகப்பட்ட வண்டியில் மாட்டிப் பார்த்தால் தீர்ப்பு வந்துவிடும். இன்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் ஒரு கிலோ, ஓட்டத்தில் மூன்றிலிருந்து நாலரை கிலோ என்பது அந்தக்கால டீசல் இன்ஜின்கள் பலவற்றுக்குப் பொதுவான கணக்கு. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

செப்புக் குழாய்க்கென்று சில நோய்கள் உண்டு. அதிர்வில் குழாய் விரிசல் விட்டு, கேபினுக்குள் சூடான ஆயில் பீச்சியடித்து, டிரைவரின் காலெல்லாம் வழியும். அதனால்தான் தெரிந்த மேஸ்திரிகள் குழாயை நேராக இழுக்காமல் நடுவில் இரண்டு மூன்று சுற்று சுருட்டி விடுவார்கள்; அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்ளும். இருந்தும் இந்த அமைப்பில் ஒரு பெரிய நேர்மை இருந்தது. குழாய் அடைத்தாலும் உடைந்தாலும் முள் கீழேதான் விழும். இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டுவது அரிது.

இனி இன்ஜினின் நோய். இதைப் புரிந்துகொள்ளாமல் மீட்டரை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்படும் ஆயில் மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளி வழியாக வெளியேற முடியாமல் முட்டும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். தேய்ந்து அது இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். இடைவெளியின் கன அளவில் கசிவு பெருகுவது திரவங்களின் இயல்பு. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் முள், கடைசிக் கட்டத்தில் மளமளவென்று இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

சூடும் சேர்ந்துகொள்ளும். இன்று பரவலாக ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில், 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைத்தான் 100 டிகிரியில் வைத்திருக்கும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் ஜம்மென்று ஏறும்; முழு லோடில் சேத்தியாத்தோப்பு வரை போய் ஐடிலிங்குக்கு வந்ததும் படுத்துவிடும். குளிரில் நன்றாக ஏறி, சூட்டில் மட்டும் விழும் முள் பெரும்பாலும் மெய்யைச் சொல்கிறது. சூடானாலும் ஆறினாலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் முள்ளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் முள் கொஞ்சமாவது நகர வேண்டும்; நகராத முள் எந்த அளவைக் காட்டினாலும் அது அளவு அல்ல.

காதுக்கும் வேலை இருந்தது. நீள ஸ்குரூ டிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பார்கள். லோடு ஏற்றும்போது அடியிலிருந்து கனமாக இடிக்கும் சத்தம் மெயின் பேரிங், சற்று மேலே கூர்மையாகத் தட்டுவது பிக் எண்ட். சத்தம் கேட்டு, முள்ளும் விழுந்தால் இரண்டு சாட்சி. சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெயினரில் கசடோ உலோகத் துகளோ இருக்கிறதா என்று பார்த்து, ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைச் சோதித்து, அதற்கும் மேலேதான் கிராங்கைக் கடைசலுக்கு அனுப்புவார்கள். ரிலீஃப் வால்வில் ஒரு சின்னத் துரும்பு சிக்கித் திறந்தே நின்றதற்காக முழு இன்ஜினையும் பிரித்தவர்கள் உண்டு. வரிசையாகப் பார்க்காததன் விலை அது.

இரண்டாம் தலைமுறை மின்சார மீட்டர். ஆயிலைக் கேபினுக்குள் கொண்டுவர வேண்டாம், ஒயரைக் கொண்டுவந்தால் போதும் என்ற ஏற்பாடு. பிளாக்கில் திருகிய சென்சாருக்குள் ஒரு தகடு. அழுத்தத்தில் அது உப்பி, மின்தடையை மாற்றும். டாஷ்போர்டு மீட்டர் அந்த மாற்றத்தைக் கிலோவாகக் காட்டும். கோவையில் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் இத்தகைய மீட்டர்களையும் சென்சார்களையும் இங்கேயே செய்யத் தொடங்கியபின் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. டிரைவர் காலில் ஆயில் கொட்டுவது நின்றது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை.

ஆனால் பழைய குழாயின் நேர்மை இதில் போய்விட்டது. பரவலாகப் பயன்பட்ட ஒருவகைச் சென்சாரில் அழுத்தமே இல்லாதபோது மின்தடை 10 ஓம் அளவில் இருக்கும்; முழு அழுத்தத்தில் 180 ஓமை எட்டும். இதன் விளைவு என்னவென்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். ஒயர் எங்காவது உரசி சேசிஸில் பட்டால் முள் பூஜ்யத்துக்கு விழும். டிரைவர் பயந்து நிறுத்துவார். நஷ்டம் அரை நாள். அதே ஒயர் அறுந்தால்? தடை எல்லையில்லாமல் ஏறும். முள் கடைசிக் கோட்டில் போய் நிற்கும். இன்ஜினுக்குள் சொட்டு ஆயில் இல்லாவிட்டாலும் மீட்டர் முழு அழுத்தம் காட்டும். டிரைவர் நிம்மதியாக ஓட்டுவார். என்னைக் கேட்டால், விழுந்த முள்ளைவிட ஏறியே நிற்கும் முள்தான் ஆபத்து. பட்டறைக்கு வரும் புகார்களில் “முள்ளு ஏறல” என்பதுதான் கேட்கிறது. “முள்ளு இறங்கல” என்று யாரும் வந்து நிற்பதில்லை.

இந்த மீட்டரைச் சோதிக்க மேஸ்திரிக்கு ஒரு ஒயர்த் துண்டு போதும். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். அந்த ஒயரை பிளாக்கில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் மறு கோடிக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் போகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு பக்கமும் போகிறதா என்பதே முக்கியம். போனால் மீட்டரும் ஒயரும் சரி. கோளாறு சென்சாரில், அல்லது இன்ஜினில். போகாவிட்டால் டாஷ்போர்டுப் பக்கம் தேட வேண்டும். ஆயில் முள்ளோடு டீசல் முள்ளும் டெம்ப்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடினால் மூன்றுக்கும் பொதுவான எர்த் போயிருக்கிறது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எர்த்தில்தான் இந்த வட்டாரத்துக்கென்று தனிச் சங்கடம். கடலோர உப்புக்காற்று, துறைமுகத்து மீன் லோடில் வடியும் உப்புத் தண்ணீர், கரும்புக் காட்டுச் சேறு. முனைகளில் பச்சைக் களிம்பு பூத்து மின்சாரத்தைத் தடுக்கும். சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. ஆயில் கசியக்கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் எர்த் போகும். புதுச் சென்சாரும் பழையதைப் போலவே தப்பாகக் காட்டும். 2015 நவம்பர் மழையில் குறிஞ்சிப்பாடி வட்டம் வெள்ளத்தில் பெரிய அடி வாங்கியது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிக்கு, உலர்ந்து ஓடத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் கனெக்டர் கோளாறு வந்துகொண்டே இருக்கும். வெள்ளம் பார்த்த வண்டியில் முள் குழப்பினால் முதலில் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கூடவே ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இரண்டும் ஒரே வெள்ளத்தில் வந்தவை.

மூன்றாம் தலைமுறை இன்றைய வண்டி. நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1-லிருந்து பி.எஸ்.-4, 2020 ஏப்ரல் 1-லிருந்து பி.எஸ்.-6. புகையைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி, லாரி இன்ஜினின் நிர்வாகம் முழுவதையும் கம்ப்யூட்டர் கைக்குக் கொண்டு சேர்த்துவிட்டது. ஆயில் சென்சாருக்கு இப்போது மூன்று ஒயர்: 5 வோல்ட் சப்ளை ஒன்று, எர்த் ஒன்று, தகவல் சொல்லும் ஒயர் ஒன்று. அந்தத் தகவல் ஒயரில் பொதுவாக அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில்தான் மின்னழுத்தம் இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பூஜ்ய அழுத்தத்துக்கு அரை வோல்ட் என்று வைத்திருப்பதால், அதற்கும் கீழே போனால் அது அழுத்தக் குறைவல்ல, ஒயர்க் கோளாறு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். நாலரைக்கு மேல் போனாலும் அப்படியே. அறுந்த ஒயர் முழு அழுத்தம் காட்டி ஏமாற்றிய பழைய கதை இதில் நடக்காது.

கனரக வண்டிகள் பின்பற்றும் ஜே1939 என்ற பொது முறையில் ஆயில் அழுத்தத்துக்கு எண் 100. ஸ்கேனரில் 100-உடன் 1 என்று வந்தால் அழுத்தம் அபாய அளவுக்குக் குறைந்திருக்கிறது. 100-உடன் 3 என்றால் சென்சார் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். மேஸ்திரி தகர டப்பாவும் ஒயர்த் துண்டும் வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்விக்கு, இன்ஜின் நோயா மீட்டர் நோயா என்பதற்கு, இயந்திரமே ஒற்றை இலக்கத்தில் பதில் சொல்கிறது.

நிறுத்தும் பொறுப்பும் கைமாறியிருக்கிறது. பழைய டீசல் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் மின்சாரத்தை எதிர்பார்க்காது. மீட்டர் செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். நிறுத்தும் கம்பியை இழுக்க வேண்டியவர் டிரைவர். லோடு காத்திருக்கிறது, ஆலை வாசலில் வரிசை போய்விடும் என்று பத்துக் கிலோமீட்டர் கூட ஓட்டிப் பார்த்த டிரைவர்களால் எத்தனையோ கிராங்குகள் போயிருக்கின்றன. இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் அழுத்தம் விழுந்தால் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். டாடாவின் ஃப்ளீட் எட்ஜ், லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற ஏற்பாடுகள் வழியாக வண்டியின் நிலை, எங்கோ சங்ககிரியில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் போனுக்கே போய்விடுகிறது. டிரைவர் தலையில் மட்டும் விழுந்த பழி குறைந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒன்றை ஸ்கேனரால் கண்டுபிடிக்க முடியாது. அறுந்த ஒயரைத் தெரிந்துகொள்ளும் கம்ப்யூட்டருக்கு, அரைக்கும் நாலரைக்கும் நடுவிலேயே நின்று தப்பாகச் சொல்லும் சென்சாரைத் தெரியாது. உள்ளே கசிந்த ஆயில் கனெக்டருக்குள் ஏறி, அல்லது வயதாகி, சென்சார் ஒன்றரை கிலோ குறைத்துச் சொன்னால் அது 100, 1 என்றே பதிவாகும். எண்ணை நம்பிச் சம்ப்பைக் கழற்றினால் வீண் செலவு. கூட்டிச் சொன்னால் இன்னும் மோசம். எந்த எச்சரிக்கையும் வராது. எண் வந்ததும் சென்சாரை மாற்றி, போகவில்லையென்றால் ஒயரிங்கை மாற்றி, அதற்கும் போகவில்லையென்றால் பம்பை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பில் போடும் பழக்கம் பெருகியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சென்சாரைக் கழற்றிய அதே துளையில் ஒரு நேரடி மீட்டரைத் திருகிப் பார்த்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே முடிந்திருக்கும் வேலை அது. யூஜின் போர்டானின் வளைந்த குழாய்க்கு இந்த ஒரு இடத்தில் இன்னும் மாற்று வரவில்லை.

இரண்டு கோளாறும் ஒரே நாளில் வருவதும் உண்டு. தேய்ந்த பேரிங், கூடவே களிம்பேறிய கனெக்டர். ஸ்கேனர் 100, 4 என்கிறது. கனெக்டரைச் சுத்தம் செய்ததும் எண் போய்விட்டது என்று அனுப்பிவிட்டால், மறுநாள் விருத்தாசலம் தாண்டி வண்டி நிற்கும்.

பட்டறை நடத்துபவர்களுக்கும், ஐ.டி.ஐ.யில் ஓராண்டு மெக்கானிக் டீசல் படித்துவிட்டுப் புதிதாகச் செட் போடும் இளைஞர்களுக்கும் இதற்குத் தேவையானது பெரிய முதலீடு அல்ல. பத்துக் கிலோ வரை காட்டும் நல்ல மீட்டர் ஒன்று, ஒரு மீட்டர் நீளத்துக்கு அழுத்தம் தாங்கும் ஹோஸ், வண்டிக்கு வண்டி மாறும் சென்சார் மரைக்கு ஏற்ற அடாப்டர்கள் நாலைந்து. ஹைட்ராலிக் ஹோஸ் கட்டிக்கொடுக்கும் கடைகளில் கேட்டால் சேர்த்துக் கொடுப்பார்கள். அளவெடுக்கும்போது இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் ஓர் அளவு, இன்ஜினைத் தூக்கிப் பிடித்து ஓர் அளவு. இரண்டையும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு வண்டி நோட்டில் எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த முறை முள் விழும்போது எந்த ஊர்ப் பட்டறையில் நின்றாலும் ஒப்பிட ஓர் எண் அவரிடம் இருக்கும்.